தொலைநோக்கி இல்லாமல் பிள்ளைகளோடு வீட்டில் என்ன வானியல் சோதனை செய்யலாம்?

8 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள், தொலைநோக்கி வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, பந்துகளுக்கு வண்ணம் பூசிச் சூரியக் குடும்பம் செய்து தொங்கவிட்டோம், மறுநாளே அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கேட்பதுபோல இருந்தாலும் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்த முதல் முயற்சி ஏன் புஸ்ஸென்று போனது? அது சோதனை அல்ல, கைவேலை. வண்ணம் காய்ந்ததும் அதில் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. சோதனை என்றால் பிள்ளை முதலில் "இப்படித்தான் வரும்" என்று ஒரு விடை சொல்ல வேண்டும். பிறகு சூரியனோ நிலாவோ அதைச் சரி என்றோ தப்பு என்றோ காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் தேறுபவற்றை மட்டும், எங்கே சொதப்பும் என்பதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கண். இதில் பேரத்துக்கு இடமே இல்லை. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. அது வெந்துகொண்டிருக்கும்போது பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, புகையேற்றிய கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதையும் நம்பக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டுவதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாக ஆகிவிடாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அதன் வழியே தாராளமாக வந்துகொண்டிருக்கலாம். வீட்டில் பைனாகுலர் இருந்தால் பகலில் அது அலமாரியில் பூட்டியே இருக்கட்டும். கீழே சொல்லும் சூரியச் சோதனைகளில் பிள்ளைகள் பார்ப்பது சுவரையும் தரையையும் மட்டும்தான்.

ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் கண்ணாடிச் சோதனையைச் செய்யுங்கள். முகம் பார்க்கும் சாதாரணக் கைக்கண்ணாடி ஒன்று, அதை முழுக்க மூடும் அளவுக்குக் கறுப்பு அட்டை, அட்டையின் நடுவில் 5 மி.மீ. துளை. கண்ணாடியை ஒரு களிமண் உருண்டையில் செருகி, வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் வையுங்கள். கையில் பிடித்தால் வேலைக்கு ஆகாது. கை நடுங்கும், சுவரில் பிம்பம் கூத்தாடும். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, இருட்டான அறையின் எதிர்ச்சுவரில், முடிந்தால் கதவைத் திறந்து அடுத்த அறையின் சுவரில், வெளிச்சம் விழும்படி திருப்புங்கள். 10 மீட்டர் தூரம் கிடைத்தால் ஏறத்தாழ 9.3 செ.மீ. அகலத்தில் வட்டமான ஒளி விழும். அது துளையின் ஒளி அல்ல, சூரியனின் படம். சுவர்ப் பக்கம் நிற்பவர்கள் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்தச் சின்னத் துளை வழியே வருவது நேர்ச்சூரியன்தான்.

அது சூரியனின் படம் என்று நீங்கள் சொன்னால் பிள்ளைகள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. இன்னும் இரண்டு அட்டைகளில் சதுரமாக ஒன்று, முக்கோணமாக ஒன்று, அதே 5 மி.மீ. அளவில் வெட்டச் சொல்லுங்கள். சுவரில் என்ன வடிவம் விழும் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அனேகமாகச் சதுரம், முக்கோணம் என்றுதான் எழுதுவார்கள். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தால் அப்படியேதான் விழும். தாளைப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். முனைகள் மழுங்கும், பக்கங்கள் உப்பும், பத்து மீட்டரில் மூன்றுமே ஒரே வட்டம். மரத்தடி நிழலில் வட்ட வட்டமாக ஒளி சிந்திக் கிடப்பதன் காரணத்தை அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அளவு. கண்ணாடியிலிருந்து சுவர் வரை தூரத்தை டேப்பால் அளந்து, வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் 107, 108 என்று வர வேண்டும். சூரியனின் தூரத்தையும் விட்டத்தையும் வகுத்தாலும் அதே எண்தான். தூரம் சுமார் 15 கோடி கி.மீ. என்று சொல்லிவிட்டால் விட்டம் 14 லட்சம் கி.மீ. பக்கத்தில் வருவதைப் பெரியவள் தானே கணக்குப் போட்டுவிடுவாள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: அவள் அளந்தது விகிதத்தைத்தான், 15 கோடி என்பது மற்றவர்கள் அளந்து கொடுத்த கடன். வழக்கமாக நேரும் பிழை, விட்டம் அதிகமாக வருவது. வட்டத்தின் விளிம்பு கூர்மையாக இருக்காது. துளையின் அகலத்துக்குக் கலங்கிப் போயிருக்கும், அதாவது சுற்றிலும் 5 மி.மீ. கலங்கலின் வெளிக்கோட்டிலிருந்து அளந்தால் 5 சதவீதம் கூடிவிடும். கலங்கலின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். இன்னொன்று, ஒளி சுவரில் சாய்வாக விழுந்தால் வட்டம் முட்டையாகும். அப்போது சுவரை விட்டுவிட்டு, அட்டையில் ஒட்டிய தாளை ஒளிக்கு நேர்முகமாகப் பிடியுங்கள். இதே கலங்கல் காரணமாகத்தான் சூரியக் கரும்புள்ளிகள் இந்தப் படத்தில் பெரும்பாலும் தெரியாது. கிரகணம் அழகாகத் தெரியும்.

அளந்து முடிப்பதற்குள் வட்டம் நகர்ந்திருக்கும். பிள்ளைகள் கண்ணாடி ஆடிவிட்டது என்பார்கள். ஆடவில்லை, நாம்தான் சுழல்கிறோம். வட்டத்தைப் பென்சிலால் வரைந்து ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். ஒளிவட்டம் வரைந்த வட்டத்தை விட்டு முழுக்க வெளியேறி, ஓரத்தை மட்டும் தொட்டு நிற்கும் நேரம் மார்ச், செப்டம்பர் 20 தேதிகளை ஒட்டிச் சுமார் 2 நிமிடம் 8 வினாடி. வானத்தைச் சுற்றிச் சூரியன்களை வரிசையாக அடுக்கினால் 675 பிடிக்கும் (107.5-ஐ 2π-யால் பெருக்கிப் பாருங்கள்). 675-ஐ 128 வினாடியால் பெருக்கினால் 86,400 வினாடி, சரியாக 24 மணி நேரம். ஆனால் ஜூனிலோ டிசம்பரிலோ செய்தால் 2 நிமிடம் 20 வினாடியை ஒட்டி வந்து, நாளின் நீளம் 26 மணி நேரம் என்று கணக்கு காட்டும். பிள்ளை தப்பாக அளக்கவில்லை. அந்த மாதங்களில் சூரியன் வானத்தின் நடுக்கோட்டைவிட்டு 23 டிகிரிக்கு மேல் விலகி, சற்றுச் சிறிய வட்டத்தில் சுற்றுகிறது; அதே 24 மணி நேரத்தில் சிறிய வட்டம் என்பதால் மெதுவாக நகர்வதாகத் தெரிகிறது. இந்தப் "பிழை"யைப் பார்ப்பதற்காகவே ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை செய்யலாம்.

நிழற்கோல் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள். நிழல் மிகக் குட்டையாகும் தருணம்தான் உண்மையான நடுப்பகல் என்று புத்தகம் சொல்லும். அந்த நேரத்தில் நிழலின் நீளம் மாறுவதே தெரியாது, கால் மணி நேரம் முன்பின் ஆகிவிடும். போதாக்குறைக்கு அரை மீட்டர் குச்சியின் நிழல்முனை ஒரு செ.மீ. அளவுக்கு மங்கிக் கிடக்கும். வழி இருக்கிறது. குச்சியின் தலையில் 5 மி.மீ. துளையுள்ள அட்டையை மாட்டுங்கள். நிழலுக்குள் ஓர் ஒளிப்பொட்டு விழும், அதன் நடுவைக் குறிப்பது சுலபம். துளைக்கு நேர் கீழே உள்ள இடத்தைத் தூக்குக்குண்டு விட்டுக் கண்டுபிடித்து, அதை மையமாக வைத்துத் தரையில் ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் பொட்டு அந்த வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்துக்கோடு வடக்கு தெற்கு. பொட்டு அந்தக் கோட்டைத் தாண்டும் நேரமே உங்கள் ஊரின் நடுப்பகல்.

அது கடிகாரத்தில் 12 ஆக இருக்காது. கடிகாரம் ஏதோ ஒரு தீர்க்கரேகைக்குச் சேர்ந்தது. அதிலிருந்து ஒரு டிகிரி தள்ளி இருந்தால் 4 நிமிடம் வித்தியாசம். அதற்கு மேல் சூரியனே பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் தாமதமாகவும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முன்னதாகவும் வரும். கைப்பேசியின் திசைகாட்டியோடு ஒப்பிட்டு ஒத்துப்போகவில்லை என்றால் குச்சியைச் சந்தேகிக்க வேண்டாம். காந்த வடக்கு வேறு, உண்மையான வடக்கு வேறு. கூடவே பக்கத்தில் இருக்கும் இரும்பு ஒன்று போதும் திசைகாட்டியைக் கெடுக்க. நேர் வடக்கிலோ தெற்கிலோ ஒரு 500 கி.மீ. தள்ளி உறவுக்காரப் பிள்ளை இருந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் அவரவர் நடுப்பகலில் சூரியக் கோணத்தை எடுக்கலாம். 4.5 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். 360-ஐ அந்த வித்தியாசத்தால் வகுத்து 500-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. பொட்டைக் குறிப்பதில் 3 மி.மீ. தவறினால் 0.3 டிகிரி போய்விடும், ஆகவே விடை பத்து சதவீதத்துக்குள் வந்தால் கைதட்டலாம். 50 கி.மீ. இடைவெளியில் இதைச் செய்யாதீர்கள், அளக்க வேண்டிய கோணம் அந்தத் தவறின் அளவுக்கே இருக்கும்.

நிலாவின் பிறைகளுக்கு இருட்டறையில் ஒரு பல்பு, குச்சியில் குத்திய வெள்ளைப் பந்து என்று எல்லாரும் செய்வார்கள். செய்யலாம், ஆனால் டேபிள் டென்னிஸ் பந்து வேண்டாம். வெளிச்சம் அதற்குள் ஊடுருவிப் பரவுவதால் இருளும் ஒளியும் பிரியும் கோடு குழம்பிவிடும். வெள்ளை வண்ணம் பூசிய களிமண் உருண்டை நல்லது. பௌர்ணமி நிலைக்கு வரும்போது பிள்ளையின் தலை பந்தை மறைத்து "பூமியின் நிழல்தான் பிறை" என்ற தப்பான பாடத்தைக் கற்றுக்கொடுக்கும், பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். இதைவிடப் பல மடங்கு நல்ல வடிவம் வெளியே இருக்கிறது. பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாளில் காலை 7, 8 மணிக்கு மேற்கு வானத்தில் நிலா இருக்கும், கிழக்கில் சூரியனும் இருக்கும். வெயில் படும் இடத்தில் நின்று, கை நீட்டி, களிமண் உருண்டையை நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி பிடியுங்கள். உருண்டையில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, நிலாவிலும் அதே பக்கம், அதே அளவு, அதே சாய்வு. இரண்டுக்கும் விளக்கு ஒன்றுதான். ஆயிரம் வரைபடம் செய்யாத வேலையை இது அரை நிமிடத்தில் செய்துவிடும்.

அடிவானத்தில் நிலா பூதாகரமாகத் தெரிவது பற்றிக் கேட்பார்கள். காகிதத்தில் துளை போடும் பஞ்ச் ஒன்றால் அட்டையில் துளையிட்டு (துளை சுமார் 6 மி.மீ.), கை நீட்டி அதன் வழியே உதிக்கும் நிலாவைப் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். இரண்டு தடவையும் துளையை ஒரே அளவுக்குத்தான் நிரப்பும். அளவு மாறவில்லை என்பது உறுதி. மூளை ஏன் அப்படி ஏமாறுகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, அவற்றில் எதையும் முடிந்த முடிவாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம்.

தொங்கவிட்ட சூரியக் குடும்பத்தையும் காப்பாற்றலாம், அளவை மட்டும் நேர்மையாக வைத்தால். 1 செ.மீ. என்பது 1 லட்சம் கி.மீ. என்று வையுங்கள். சூரியன் 14 செ.மீ. பந்து. பூமி 1.3 மி.மீ., ஒரு கடுகு; அது நிற்க வேண்டிய இடம் 15 மீட்டர் தள்ளி. நிலா அந்தக் கடுகிலிருந்து 3.8 செ.மீ. தூரத்தில் ஒரு பேனா முள்ளின் புள்ளி. வியாழன் 78 மீட்டரில் 1.4 செ.மீ. கோலிக்குண்டு, நெப்டியூன் 450 மீட்டரில். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் இதே அளவில் 4,000 கி.மீ. தள்ளி. இந்த அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது: ஒளி வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. என்பது இங்கே வினாடிக்கு 3 செ.மீ. எறும்பு வேகம். சின்னவனை ஒரு ஸ்கேலோடு உட்காரவைத்து, வினாடிக்கு 3 செ.மீ. என்று விரலை நகர்த்தியபடி சூரியனிலிருந்து கடுகுக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டு மீட்டரில் சலித்து எழுந்துவிடுவான். முழுதும் போனால் 8 நிமிடம் 20 வினாடி.

பள்ளம் போடும் சோதனை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதே சமயம் கொஞ்சம் பொய்யும் சொல்லும். ஆழமான தட்டில் 6 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த மாவையோ சலித்த மெல்லிய மணலையோ பரப்பி, மேலே வேறு நிறத்தில் காய்ந்த வண்ணப்பொடியைச் சல்லடையால் மெல்லிசாகத் தூவுங்கள். ஒரே கோலிக்குண்டை 25, 50, 100, 200 செ.மீ. உயரங்களிலிருந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை விடச் சொல்லிப் பள்ளத்தின் விட்டத்தை அளந்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு தடவையும் மாவைக் கிளறி, ஸ்கேலால் வழித்துச் சமன் செய்ய வேண்டும். கையால் தட்டி அமுக்கினால் அடுத்த பள்ளம் சிறிதாகிவிடும், அட்டவணை கோணலாகும். உயரத்தை எட்டு மடங்கு ஆக்கினால் பள்ளம் எட்டு மடங்காகும் என்று ஊகிப்பார்கள். இரண்டு மடங்கை எட்டுவதே அரிது. விளிம்பு மேடும், வெளியே சிதறிய வெள்ளைக் கதிர்களும் நிலாவில் இருப்பது போலவே வரும், அதுவரை நிஜம்.

பொய் எங்கே என்றால் வேகத்தில். 2 மீட்டரிலிருந்து விழும் கோலி வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறது. நிலாவில் மோதும் கல் வினாடிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் வரும். அந்த வேகத்தில் அது குத்துவதில்லை, வெடிக்கிறது; கல் பெரும்பாலும் ஆவியாகிப் போகும், பள்ளம் கல்லைப்போலப் பத்து, இருபது மடங்கு அகலமாக இருக்கும். தட்டில் கோலியைச் சாய்வாக எறிந்தால் நீளப் பள்ளம் விழும், நிலாவிலோ மிக மிகச் சாய்வாக மோதினால் தவிர வட்டம்தான். தட்டில் கோலி பள்ளத்திலேயே கிடப்பதைப் பார்த்து "நிலாவின் பள்ளங்களில் கல் எங்கே?" என்று பிள்ளை கேட்டால் கேள்வி மட்டமானதல்ல. அரிசோனாவில் உள்ள 1.2 கி.மீ. அகலப் பள்ளத்தின் அடியில் பெரிய இரும்புக்கட்டி புதைந்திருக்கிறது என்று நம்பி, டேனியல் பேரிங்கர் 1903-இல் தொடங்கிப் பல வருடம் துளைபோட்டுப் பார்த்தார். அவர் தேடிய கட்டி கிடைக்கவேயில்லை.

இணையத்தில் சுற்றும் இரண்டு யோசனைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று, கூரையில் சேர்ந்த தூசியைக் காந்தத்தால் பொறுக்கி "விண்கல் தூள்" என்பது. நார்வேயின் யோன் லார்சன் நகரக் கூரைகளிலிருந்து விண்தூள் மணிகளைச் சேகரித்து, அது 2017-இல் ஆய்விதழில் வெளியானது உண்மை. ஆனால் காந்தத்தில் ஒட்டுவதில் ஆகப்பெரும்பகுதி வெல்டிங் பொறியும் தொழிற்சாலைத் துகளும்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது. பொறுக்கலாம், பெயர் வைக்கக் கூடாது. இரண்டாவது ஃபூக்கோ ஊசல், அதாவது ஆடும் திசை மெல்லத் திரும்புவதை வைத்துப் பூமியின் சுழற்சியைக் காட்டும் ஊசல். இரண்டு மீட்டர் கயிற்றில் கட்டிய குண்டு சில நிமிடங்களில் முட்டை வடிவில் ஆடத் தொடங்கி, பூமியின் சுழற்சியை மறைக்கும் அளவுக்குத் தானே திரும்பும். நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமான ஊர் என்றால் பார்க்க வேண்டிய திருப்பமே மிகக் குறைவு.

இரவுக்குச் சுலபமானது நட்சத்திரம் மறையும் நேரம். சுவரில் ஒரு குறி போட்டு அங்கேயே தாடையை வைத்து, ஒரு பிரகாசமான நட்சத்திரம் பக்கத்துக் கட்டடத்தின் விளிம்பில் மறையும் நேரத்தை வினாடி சுத்தமாகக் குறியுங்கள். மறுநாள் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாகவே மறையும். ஒரு வாரத்தில் 27 நிமிடத்துக்கு மேல். தலை ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் கணக்கு கெடும், அதனால்தான் தாடைக்குக் குறி.

பிறகு எப்போதாவது ஏதாவது வாங்குவதென்றால், 300 மடங்கு பெருக்கும் என்று பெட்டியில் அச்சடித்த ஆட்டம் காணும் சின்னத் தொலைநோக்கியைவிட 7×50 அல்லது 10×50 பைனாகுலர் மேல் (முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, 50 என்பது முன் வில்லையின் அகலம் மி.மீ.-இல்). நட்சத்திரங்கள் இருக்கும் இரவில் மட்டும் வெளியே எடுங்கள். அதைச் சுவரில் அழுத்திப் பிடித்து வியாழனைப் பார்த்தால் பக்கத்தில் இரண்டு, மூன்று, சில இரவில் நான்கு புள்ளிகள் ஒரே கோட்டில் தெரியும், அவை வியாழனின் நிலாக்கள். கலிலியோ 1610 ஜனவரி 7-இல் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தவை மூன்றுதான். நான்காவது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் பிள்ளைகளும் ஒரு நோட்டில் நடுவில் வட்டம் போட்டு, ஒவ்வோர் இரவும் புள்ளிகளை மட்டும் வைக்கட்டும், பெயர் எதுவும் எழுதாமல். நாலைந்து இரவு ஆனதும், எந்தப் புள்ளி எங்கே போனது என்று அவர்களே சண்டை போட ஆரம்பிப்பார்கள்.